ஐந்து புருஷன் கட்டிய சார்லட்

நான் எழுதி, ஆயரிடம் கையெழுத்து வாங்கி, சீலும் குத்தி அனுப்பிய ஒரு காகிதம் தப்பு என்று எனக்குத் தெரியவந்தபோது, அது ஆஸ்திரேலியா வரை போய், ஒரு குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் ஏறி, அச்சுக்குப் போகக் காத்திருந்தது. கோயில் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் கதைகளும் நாலைந்து உண்டு. அவற்றை யாரும் கேட்பதில்லை.

1. வெளிநாட்டுத் தபால்

பல்லாவரம் கண்டோன்மென்ட் பக்கம், கம்பெனி காலத்துச் சோல்ஜர்களுக்காகக் கட்டிய பழைய தேவாலயம் ஒன்றின் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தேன். நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஆயர் என்றும்தான் சொல்வோம். மேற்குத் தாம்பரத்தில் வீடு. காலையில் மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினால், பக்கத்து சீட்டு அக்காவின் மருமகள் கதை பாதியில் நிற்கும்போது பல்லாவரம் வந்துவிடும். மீதியை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

ஆபீஸில் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று தலையணை கனத்தில் புத்தகங்கள். யாராவது கேட்டால், பதிவேட்டில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் பாஸ்போர்ட்டுக்காகக் கேட்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்டர்நெட் வந்தது. உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம், தங்கள் கொள்ளுத்தாத்தா பல்லாவரத்தில் சோல்ஜராக இருந்தது திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. ஆயர் பிரவுசிங் சென்டருக்குப் போய், வாரம் நாலு மெயில் பிரின்ட் எடுத்து வந்து என் மேஜையில் வைப்பார்.

எனக்குக் கவலையே இல்லை. எனக்கு முன்னால் வேலை பார்த்த ஆசீர் சார், எல்லாப் பதிவேடுகளுக்கும் அழகாக டைப் அடித்து ஒரு இன்டெக்ஸ் போட்டிருந்தார். குடும்பப் பெயரைப் பார்த்தால் போதும், தகப்பன் பெயர், தேதி, பக்கம் எல்லாம் கிடைக்கும். பெரிய புத்தகத்தைத் தூக்கினால் தோள்பட்டை வலி, தும்மல். அதனால் நான் இன்டெக்ஸைப் பார்த்தே எக்ஸ்ட்ராக்ட் எழுதிவிடுவேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்டெக்ஸில் பெண்களுக்கு இடம் கிடையாது. புருஷன் பெயருக்குள் அவர்கள் அடக்கம். குடும்பப் பெயரே இல்லாத இந்த ஊர்ப் பெண்களை மட்டும் கடைசித் தாளில் சேர்த்திருந்தார். அதில் 'சார்லட், நேட்டிவ்' என்று ஒரு பெயருக்கு எதிரே ஐந்து புருஷன்மார். சாவியை என் கையில் கொடுத்த அன்றே ஆசீர் சார் இந்தச் சார்லட்டைப் பற்றித்தான் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஆபீஸுக்கு வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்து நானும் அதைப் பரிமாறினேன்.

அந்தச் சமயத்தில்தான் பெர்த்திலிருந்து ட்ரெவர் ஹாலிஸ் என்பவர் எழுதினார். தன் தாத்தாவின் தாத்தா வில்லியம் ஹாலிஸுடைய ஞானஸ்நான எக்ஸ்ட்ராக்ட் வேண்டும் என்றார். இன்டெக்ஸைத் திறந்தேன். தகப்பன் சார்ஜன்ட் ஹாலிஸ், தாய் கடைசித் தாளில் இருந்த அதே சார்லட். பத்து நிமிஷ வேலை. கூடுதல் சேவையாக, அந்தத் தாய்க்கு மொத்தம் ஐந்து கல்யாணம் என்று ஒரு குறிப்பும் வைத்து அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. தாயைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

2. டெய்சி ஆன்ட்டி

ஏழெட்டு மாதம் கழித்து, கையில் மஞ்சள் பையோடு ஒரு அம்மா ஆபீஸுக்குள் வந்தார். கவுன், கறுப்புக் கண்ணாடி, அறுபதைத் தாண்டிய வயது. பெயர் டெய்சி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ட்ரெவருடைய தங்கை. பெருங்களத்தூரில் புது ஃபிளாட்டில் குடியிருந்தார். நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் எதற்கு அந்தச் சிரமம் என்பது போல, அவர் மெட்ராஸ் பாஷையில் பதில் சொன்னார்.

பையிலிருந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். ட்ரெவர் எழுதிய குடும்ப வரலாறு, அச்சுக்கு முந்தைய பிரதி. டிசம்பரில் உலகம் முழுவதிலும் இருந்து சொந்தக்காரர்கள் சென்னைக்கு வந்து கூடும்போது, அதைப் புத்தகமாக எல்லோருக்கும் கொடுக்கப் போகிறார்களாம். முதல் பன்னிரண்டு பக்கம் சார்ஜன்ட் ஹாலிஸுடைய அயர்லாந்து முன்னோர்கள். பிறகு வில்லியம். அவனுடைய தாய் 'நல்ல குடும்பத்துப் போர்ச்சுகீசியப் பெண்மணி'.

கடைசியில் குடும்ப மரம். டெய்சி என்று ஒரு பெயர். அதற்குக் கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் ஆன்ட்டிக்கு மாணிக்கம் என்ற கணவர் உண்டு, ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு பிள்ளைகள், ஒரு பேத்தி. ட்ரெவர் இருபத்திரண்டு வயதில் பெர்த்துக்குப் போனார். இவர் இங்கேயே நின்று, ஒரு தமிழரைக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து கிறிஸ்துமஸ் கார்டு வருஷா வருஷம் வருகிறது, 'டெய்சிக்கு' என்று மட்டும்.

போன் போட்டு அண்ணனைக் கேட்டாராம். குடும்பப் பெயர் ஆண் வழியில்தான் போகும், வேறு வீட்டுக்குப் போன பெண்களைத் தொடர்வதில்லை, அதுதான் ரூல் என்றாராம். ஆனால் ஆஸ்திரேலியாக்காரர்களைக் கட்டிய இரண்டு சித்தப்பா பெண்களுக்குப் புருஷன், பிள்ளை, நாய்க்குட்டி வரை போட்டோவோடு போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை எனக்குத் திறந்து காட்டினார்.

"எனக்கு வேற ஒன்னும் வேணாம்மா. மாணிக்கம் பேரு இந்த புக்ல வரணும். நாளைக்கு என் பேத்தி தொறந்து பார்த்தா அவ பேரும் இருக்கணும். எங்கண்ணன் வாயை மூடற மாதிரி உங்க ரெஜிஸ்டர்ல இன்னா கீதுன்னு பாத்துச் சொல்லு."

அந்தப் போர்ச்சுகீசியப் பெண்மணிதான் என்னைக் கிளப்பிவிட்டாள். என் எக்ஸ்ட்ராக்ட்டில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. நான் சீல் போட்ட விஷயத்தில் இன்னொருவர் கைவைத்தால் எனக்குப் பொறுக்காது. அந்த ரோஷத்தில், இன்டெக்ஸை ஒதுக்கிவிட்டு, பீரோவிலிருந்து மூலப் பதிவேட்டையே தூக்கி மேஜைமேல் போட்டேன்.

3. புத்தகத்தின் பின்பக்கம்

ஒரே நாளில் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. அடுத்தடுத்த வரி. முதல் வரியில் ஒரு கைக்குழந்தை, தகப்பன் சார்ஜன்ட் ஹாலிஸ், தாய் சார்லட். இரண்டாவது வரியில் வில்லியம் ஹாலிஸ், வயது ஏழு, தாய் சார்லட். தகப்பன் கட்டம் காலி. ஆசீர் சார் மேல் வரியைப் பார்த்து நிரப்பிவிட்டார். நான் ஆசீர் சாரைப் பார்த்து நிரப்பிவிட்டேன்.

பக்கத்தின் உள் ஓரத்தில் இங்க் தெரிந்தது. எப்போதோ பதிவேட்டை மறு பைண்டிங் செய்தபோது ஓரத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ஸ்கேலை வைத்து அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். காலஞ்சென்ற சோல்ஜர் கெர் என்பவரின் மகன், தாய் இப்போது சார்ஜன்ட் ஹாலிஸை மணந்திருக்கிறாள் என்று பொடி எழுத்தில் இருந்தது. வில்லியம் சார்ஜன்ட்டுக்குப் பிறந்தவன் இல்லை.

ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அடக்கப் பதிவேட்டை எடுத்தேன். கெர் காய்ச்சலில் இறந்த தேதி கிடைத்தது. கல்யாணப் பதிவேட்டில் சரியாக ஐந்து மாதம் கழித்து ஹாலிஸோடு கல்யாணம். சரி, இந்தச் சார்லட் யார், எங்கிருந்து வந்தாள்? எங்கேயும் இல்லை. வெறுத்துப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டை மூடும்போது கை தவறி அது குப்புற விழுந்தது. பின் அட்டைப் பக்கத்திலிருந்து தலைகீழாக, வேறு ஒரு பட்டியல் எழுதியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

அது பெரியவர்களாகி ஞானஸ்நானம் பெற்றவர்களின் பட்டியல். பெரும்பாலும் பெண்கள். குடும்பப் பெயர் இல்லாததால் ஆசீர் சார் அதை இன்டெக்ஸில் சேர்க்கவில்லை. தேதி, பழைய பெயர், புதுப் பெயர், ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்ற ஞானத்தாயின் பெயர் என்று நான்கு கட்டங்கள். அந்தக் காலத்து ஆயரின் மனைவி பெயர் சார்லட். சோல்ஜர்கள் தங்கிய பாரக்ஸில் இருந்த பெண்கள் பலருக்கு அந்த அம்மாதான் ஞானத்தாய். ஞானத்தாயின் பெயரையே பெண்ணுக்கு வைப்பது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. லட்சுமி சார்லட் ஆனாள். ஃபாத்திமா சார்லட் ஆனாள். முனியம்மா, கனகம்மா, எல்லோரும் சார்லட். ஐந்தாவதாக, பல்லாவரம் பஜாரைச் சேர்ந்த அஞ்சலை. ஞானஸ்நானம் சனிக்கிழமை, கல்யாணப் பதிவேட்டில் பார்த்தால் கெர்ரோடு கல்யாணம் திங்கட்கிழமை.

ஐந்து புருஷன்மாருக்கு ஐந்து பெண்டாட்டிகள். ஆசீர் சாரின் கடைசித் தாளில் கெர் பெயரே விட்டுப்போயிருந்தது. அஞ்சலையை விட்டால், இரண்டு கல்யாணம் செய்தவள்கூட ஒருத்தியும் இல்லை. காபி கொடுத்துக் கொடுத்து எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பிடிக்கவில்லை. சொன்ன நானும் பெண்தானே.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சீமையிலிருந்து கப்பல் கப்பலாகச் சோல்ஜர்கள் வந்தார்கள். அவர்களோடு பெண்டாட்டிகள் வர இடம் கொடுத்தது மிகச் சிலருக்குத்தான். மற்றவர்கள் இங்கே உள்ள பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். இந்த ராஜ்யத்துக்குச் சோறு பொங்கி, துணி துவைத்து, அதன் பிள்ளைகளையும் பெற்றது பஜாரிலிருந்து போன அஞ்சலைகள். பட்டாளத்துக் கணக்கில் பெண்டாட்டி என்று சேர வேண்டுமானால், துரைமார் வாயில் நுழையும் ஒரு பெயரும், கோயில் கல்யாணமும் வேண்டும். இல்லாவிட்டால் அவன் செத்தாலோ, பட்டாளம் வேறு ஊருக்கு நகர்ந்தாலோ, அவள் தெருவில்தான். கோயிலில் கட்டியவளுக்கும் கொஞ்ச மாதம்தான் உதவி. அதற்குள் இன்னொருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அஞ்சலை ஐந்தாறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத்தான் செய்தாள். நான் வரலாறு படித்தவள் அல்ல. மூன்று பதிவேட்டின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் இது தெரியும்.

ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் அஞ்சலை என்ற பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"எங்கம்மா பெப்பர் வாட்டர்னு ஒன்னு வைப்பாங்க. டாடி அதை போர்ச்சுகீஸ் சூப்புன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வாரு. கல்யாணமாகி மாணிக்கம் வூட்டுக்குப் போனா, மாமியா தெனம் ரசம் ஊத்தறாங்க. அதே சூப்பும்மா."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தோட்டக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

4. சீல் போட்டது போட்டதுதான்

சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் ஆயர் அறைக்குப் போய், கொடுத்த எக்ஸ்ட்ராக்ட் தப்பு, திருத்தி வேறு கொடுக்க வேண்டும் என்றேன். நல்ல மனுஷர். ஆனால் பயந்தவர். சீல் போட்டதை ஒரு தடவை திரும்ப வாங்கினால், கொடுத்த எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்றார். ஆஸ்திரேலியாக்காரர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார், ஏன் கிளற வேண்டும் என்றும் கேட்டார். கோயில் கமிட்டியில் ஒருவர் தன் மைத்துனர் மகனுக்கு என் வேலையை வாங்கிக் கொடுக்க ரொம்ப நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியும்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, அவர் என் ரிட்டயர்மென்டுக்கு எத்தனை வருஷம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். இருந்தாலும், தப்பு கிளார்க்குடையது, மூலத்தைப் பார்க்காமல் எழுதியது என்று ஒரு கடிதம் எழுதி, பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு போய் ஆயர் முன்னால் தலைகீழாகத் திறந்து வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். அஞ்சலைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"எங்க சின்னம்மா பேரும் அஞ்சலைதாம்மா. கோயில் ஊழியத்துக்கு வந்தப்புறம் எஸ்தர்னு மாத்தினாங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கமிட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். உண்மையிலேயே பார்த்துக்கொண்டார்.

5. ட்ரெவர்

டிசம்பரில் ட்ரெவர் வந்தார். ஆறடி உயரம், அரை டிராயர், தலையில் பெரிய தொப்பி. கூட டெய்சி ஆன்ட்டி. மாணிக்கம் உள்ளே வரவில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

திருத்திய எக்ஸ்ட்ராக்ட்டைக் கொடுத்து, மூன்று பதிவேட்டையும் வரிசையாகத் திறந்து காட்டினேன். டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்து ஓரத்தைப் படிக்கச் சொன்னேன். முதலில் கொடுத்தது என் தப்பு என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த மனுஷர், கடைசியில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நாம ஹாலிஸ் இல்லியா, டெய்சி?"

நாற்பது வருஷத்துத் தமிழ், துருப்பிடிக்காமல் அப்படியே வந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு பக்க அயர்லாந்தும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. கெர்ரைப் பற்றிப் பதிவேட்டில் பெயரும் காய்ச்சலும் தவிர எதுவும் இல்லை. ஊரும் பெயரும் தெரிந்த முன்னோர் என்று அவருக்கு மிஞ்சியது பல்லாவரம் பஜார் அஞ்சலை ஒருத்திதான்.

ஆன்ட்டி இந்த நாளுக்காக ஒரு மாதமாகச் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். என்னிடமே இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தார். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது.

"ஹாலிஸ்தான் மேன். அந்த சார்ஜன்ட்டு இன்னொருத்தன் புள்ளைக்குத் தன் பேரைக் குடுத்திருக்கான். எழுத மாட்டேன்னு சொல்லியிருந்தா யாரு கேட்டிருப்பா? உன் ரூல் அவன்கிட்ட இருந்திருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல. அவன் சேத்துக்கினான். நீ என் புருஷனை சேக்க மாட்டேன்ற."

ட்ரெவர் எழுந்து போய்க் கதவருகே நின்று, வெளியே ஸ்கூட்டர் துடைக்கும் மனுஷரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து, என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். ஸ்பைரல் புத்தகத்தில் குடும்ப மரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"மாணிக்கத்துக்கு இனிஷியல் இன்னா?" என்று கேட்டார்.

எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வாய் மூடாமல் பேசிய ஆன்ட்டி, கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டே, நீயே போய்க் கேள் என்று கையைக் காட்டினார். ட்ரெவர் பேனாவும் புத்தகமுமாக வேப்ப மரத்தடிக்குப் போனார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மாணிக்கம் துணியை உதறி, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். பிறகு ஸ்கூட்டர் சீட்டின் மேல் புத்தகத்தை வைத்து இரண்டு பேரும் வெகுநேரம் குனிந்து நின்றார்கள். இனிஷியல் ஆர். அந்த ஓர் எழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ராமலிங்கம் என்ற அவருடைய அப்பாவைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

6. கற்றுக்கொண்டது

தொழில் பாடம் சின்னதுதான். இன்டெக்ஸ் உங்களைப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். எழுத வேண்டியது பக்கத்தைப் பார்த்து. பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். புத்தகத்தைப் பின்னாலிருந்தும் திறந்து பாருங்கள். பெண்கள் அநேகமாக அங்கேதான் இருப்பார்கள். அதற்கு முன் நான் கொடுத்த பதில்களில், 'தாய் விவரம் இல்லை' என்று எழுதியவற்றையெல்லாம் தேடி எடுத்து, மறுபடி மூலத்தைப் பார்த்தேன். இருபத்தோரு பேருக்குத் தாய் கிடைத்தாள். எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. பெண்களுக்கென்று ஒரு லாங் சைஸ் நோட்டில் தனி இன்டெக்ஸ் போட்டேன், பழைய பெயரை முன்னால் எழுதி.

மறு வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் பெர்த்திலிருந்து பார்சல் வந்தது. டிசம்பரில் சொந்தக்காரர்கள் கூடியபோது கொடுக்காமல் நிறுத்தி வைத்து, திருத்தி அச்சடித்த புத்தகம். முதல் பக்கத்தில் அஞ்சலை, பல்லாவரம் பஜார். கடைசி மரத்தில் டெய்சி, ஆர். மாணிக்கம், இரண்டு பிள்ளைகள், பேத்தி. பேத்தியின் போட்டோ, சித்தப்பா பெண்களின் நாய்க்குட்டியை விடப் பெரியதாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆயரையும் தோட்டக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு நன்றிப் பக்கத்தைத் திருப்பினேன். பெண்களைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக எனக்கும் ஒரு வரி இருந்தது. 'திருமதி தேவசகாயம் அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.' தேவசகாயம் என் வீட்டுக்காரர். பேங்க்கில் வேலை பார்த்தவர், எங்கள் கோயில் பதிவேட்டை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றுவரை அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தூங்கிய ஒரு மத்தியானம், அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அழியாத இங்க்கில் எழுதி வைத்தேன்: கிரேஸ், கிளார்க்.